கிருமிகளைக் கொல்லும் சிறுபுரதங்கள்

வயற்சேற்றில் வேலை செய்யும் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையிலே பெரும்போகத்திற்குரிய உழவும் விதைப்பும் வடகீழ்ப் பருவமழையை ஒட்டி நடைபெறுகின்றன. அக்காலத்திற் கமக்காரர் நாள் முழுவதும் சேற்றிலும் நீரிலும் நின்று வேலை செய்கின்றனர். எழுவான்கரையின் மணற்றரைகளிலே கத்தரி, மிளகாய், வெண்டி முதலிய மரக்கறிப் பயிர்களைச் செய்வோரும் ஈரமண்ணைக் கையாற் கிளறியே நாற்று நடுகின்றனர். ஒரு பிடி மண்ணிலே கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் பங்கசுகளும் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. மண்ணை வளம்படுத்துவனவும் பல. ஒரு சில மட்டும் உடலினுட் புகுமாயின் உயிருக்கே இறுதி விளைவிக்க வல்லவை.

இத்தனை கிருமிகளின் நடுவே வெறுங்காலுடன் வேலை செய்தும் பெரும்பாலானோர் நோயுறாதிருப்பதற்குக் காரணம் என்ன? உடலின் மேற்பரப்பிலேயே ஒரு முதற்காவல் அமைந்திருப்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். அக்காவலைச் செய்பவை மிகச் சிறிய சில புரதங்கள். அவை மனிதரிடத்து மட்டுமன்றித் தவளை, இறால், கோதுமை, முள்ளங்கி ஆகியவற்றிலும் காணப்படுகின்றன. இக்காவலின் இயல்பையும், அது எவ்விடத்திற் போதாமற் போகின்றதென்பதையும், அதனைக் கெடாமற் பேணும் வகையையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

சிறுபுரதம் என்பது யாது?

புரதங்கள் யாவும் அமினோவமிலங்கள் எனப்படும் கூறுகள் மணிகளைப் போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு உண்டானவை. பருப்பிலும் மீனிலும் உள்ள பெரும்புரதங்களில் இம்மணிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஏறக்குறைய ஐம்பது மணிகளுக்கு உட்பட்ட குறுஞ்சரங்களை விஞ்ஞானிகள் பெப்தைட்டுக்கள் என்பர். ஈண்டு அவை சிறுபுரதங்கள் எனப்படும். கிருமிகளைக் கொல்லும் இயற்கைச் சிறுபுரதங்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை இதுவரை பல உயிரினங்களிற் கண்டறியப்பட்டுள்ளன.

இவை கிருமியைக் கொல்லும் முறை எளிதாக விளங்கிக்கொள்ளத் தக்கது. பற்றீரியாவைச் சூழ மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் மேற்புறம் எதிர்மின்னேற்றம் உடையது. சிறுபுரதங்களிற் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் உடையவை. காந்தம் இரும்பை இழுப்பதுபோலப் பற்றீரியாவின் சவ்வு இச்சிறுபுரதங்களைத் தன்பால் இழுக்கின்றது. அவை சவ்வினுட் செருகி அதிலே துளைகளை உண்டாக்குகின்றன. வயல் வரம்பு ஓரிடத்தில் உடைந்தால் வயலிலுள்ள நீர் முழுவதும் வடிந்துவிடும். அவ்வாறே துளைபட்ட பற்றீரியாவின் உள்ளீடு வெளியே ஒழுக, அது மடிந்துபோகின்றது. மனிதரின் உயிரணுச் சவ்வின் மேற்புறம் பெரும்பாலும் மின்னேற்றம் அற்றதாகையால் இச்சிறுபுரதங்கள் அதனைத் தாக்குவது குறைவு.

பயிர்களிலும் பிராணிகளிலும் உள்ள காவல்

பயிர்களுக்கு இரத்தமுமில்லை, நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களுமில்லை. எனினும் அவை பாதுகாப்பற்றவை அல்ல. 1942 ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோதுமை மாவிலிருந்து பியூரோதயோனின் என்னும் சிறுபுரதத்தைப் பிரித்தெடுத்து, அது பற்றீரியாக்களையும் பங்கசுகளையும் கொல்வதைக் கண்டனர். பயிர்களிற் கண்டறியப்பட்ட இத்தகைய பொருள்களுள் இதுவே முதன்மையானது.

மரக்கறி செய்வோர்க்கு முள்ளங்கி விதை ஓர் எடுத்துக்காட்டாகும். பெல்சிய நாட்டின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1992 இல் அவ்விதையிலிருந்து பங்கசுகளை அடக்கும் சிறுபுரதங்களைப் பிரித்தெடுத்தனர். விதை முளைக்கும்போது அதன் தோல் வெடிக்கின்றது. அவ்வேளையில் இச்சிறுபுரதங்கள் வெளியே கசிந்து, விதையைச் சூழ்ந்த மண்ணிலே பங்கசு வளராதபடி தடுக்கின்றன என்பதைப் பின்னர் 1995 இல் அவர்கள் விளக்கினர். விதையின் வாழ்விலே மிகவும் ஆபத்தான நேரம் அதுவே. அந்நேரத்திற்கென்றே விதை தன் காவலைச் சேமித்து வைத்திருக்கின்றது. முதிராத விதையும், பழுதுபட்ட விதையும் நாற்றுமேடையில் எளிதில் அழுகிவிடுவதைக் கமக்காரர் அறிவர். நன்கு முதிர்ந்த, முறைப்படி உலர்த்திய விதையைத் தெரிவு செய்தல், அவ்விதைக்கு இயற்கை அளித்த பலத்தை முழுமையாகப் பயன்படுத்துவதாகும்.

வாவியில் வாழும் இறால் போன்றவற்றிற்கு, மனிதருக்கு உள்ளது போன்ற நோயெதிர்ப்பொருள்கள் இல்லை. அவை சிறுபுரதங்களையே பெரிதும் நம்பி வாழ்கின்றன. 1997 இல் பிரான்சிய ஆராய்ச்சியாளர் இறாலின் குருதியிலிருந்து பெனெயிடின் எனப்படும் சிறுபுரதங்களைப் பிரித்தனர். அதற்கு முன்னரே, 1981 இல், சுவீடன் நாட்டின் ஹான்ஸ் போமன் என்பார் பட்டுப்பூச்சி இனமொன்றின் கூட்டுப்புழுவிலே செக்ரோப்பின் என்னும் சிறுபுரதத்தைக் கண்டறிந்து இத்துறைக்கு வழி திறந்தார்.

வயற்றவளையின் தோல்

இத்துறையிலே உலகின் கவனத்தை ஈர்த்தது தவளையே. அமெரிக்காவில் மைக்கேல் சாசுலோவ் என்னும் வைத்திய விஞ்ஞானி தமது ஆய்வுக்காகத் தவளைகளைக் கீறித் தையலிட்டு மீண்டும் நீர்த்தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டியின் நீர் அழுக்கானதாக இருந்தும் தவளைகளின் காயங்கள் சீழ்ப்பிடிக்காமல் ஆறுவதை அவர் கவனித்தார். அதன் காரணத்தைத் தேடி, தவளையின் தோலிலிருந்து 23 அமினோவமிலங்கள் கொண்ட சிறுபுரதங்களைப் பிரித்தெடுத்து 1987 இல் வெளியிட்டார். கேடயம் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லைக் கொண்டு அவற்றிற்கு மகெயினின் எனப் பெயரிட்டார்.

சாசுலோவ் ஆராய்ந்தது ஆபிரிக்கத் தவளை. நெல்வயலிலே வாழும் தவளையை ஆராய்ந்தவர்கள் ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தினர். இந்தியாவின் வயல்களிற் காணப்படும் பெருந்தவளையின் தோற்சுரப்பிலிருந்து அவர்கள் நான்கு சிறுபுரதங்களைப் பிரித்து, டைகரினின்கள் எனப் பெயரிட்டு 2001 இல் வெளியிட்டனர். அவை ஒவ்வொன்றும் 11 அல்லது 12 அமினோவமிலங்களே கொண்டவை. அவற்றுள் ஒன்பது வளையமாக வளைந்துள்ளன. அதுவரை தவளை இனங்களிற் காணப்பட்ட இவ்வகைச் சிறுபுரதங்களுள் இவையே மிகச் சிறியவற்றுள் அடங்கும். இவையும் பற்றீரியாவின் சவ்வை உடைத்தே தம் தொழிலைச் செய்கின்றன. இவற்றின் அமைப்பை அறிந்தபின் ஆராய்ச்சியாளர் அவற்றை ஆய்வுகூடத்திலே இரசாயன முறையாற் செய்தும் காட்டினர். ஆகவே இச்சிறுபுரதங்களைப் பெறத் தவளைகளைக் கொல்ல வேண்டிய தேவை இல்லை.

இப்பெருந்தவளை இந்தியாவில் ஒரு காலத்திலே காலிறைச்சி ஏற்றுமதிக்காகப் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டது. பூச்சிகளை உண்ணும் தவளை குறைவதால் விளையும் கேட்டை உணர்ந்து அவ்வேற்றுமதி 1987 இல் தடை செய்யப்பட்டது. இதன் நெருங்கிய இனமொன்று இலங்கையின் உலர்வலய வயல்களிலே வாழ்கின்றது. கேரளத்துத் தவளையொன்றின் தோலிலிருந்து பெற்ற உருமின் என்னும் சிறுபுரதம் ஒருவகை இன்புளுவென்சா வைரசை அழிப்பதும் 2017 இல் அறியப்பட்டது. சுண்டெலிகளில் அது பாதுகாப்பளித்தது.

மனிதரின் தோலிலுள்ள காவல்

மனிதரின் தோல், கண்ணீர், உமிழ்நீர், குடல், வெண்குருதிக் கலங்கள் ஆகிய எல்லாவற்றிலும் இத்தகைய சிறுபுரதங்கள் உள்ளன. வெண்குருதிக் கலங்களில் உள்ளவை 1985 இல் டிவென்சின்கள் எனப் பெயர்பெற்றன. 37 அமினோவமிலங்கள் கொண்ட மற்றொன்று 1995 இல் அறியப்பட்டது. அது எல்எல்–37 எனப்படும். தோலிலே கீறல் ஏற்படும்போது அவ்விடத்து உயிரணுக்கள் இதனை மிகுதியாகச் சுரக்கின்றன. வெயிலில் உழைப்போரின் வியர்வையும் வீணானதன்று. வியர்வையிலுள்ள டேர்ம்சிடின் என்னும் சிறுபுரதம் கிருமிகளைக் கொல்வதை 2001 இல் செருமானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

இக்காவல் வரம்பைப் போன்றது. வரம்பு முழுமையாக இருக்கும்வரை நீர் நிற்கும். தோல் முழுமையாக இருக்கும்வரை சிறுபுரதங்கள் தம் கடமையைச் செய்யும். கத்திவெட்டு, முட்குத்து, பித்தவெடிப்பு, சேற்றுப்புண் ஆகியன இவ்வரம்பிலே ஏற்படும் உடைப்புக்கள்.

சேற்றிலுள்ள எதிரி

இக்காவலை ஏமாற்றக் கற்றுக்கொண்ட பற்றீரியா ஒன்று வெப்பநாடுகளின் ஈரமண்ணிலும் வயல்நீரிலும் வாழ்கின்றது. அது விளைவிக்கும் நோய் மெலியோயிடோசிசு எனப்படும். இந்நோய் முதன்முதல் இரங்கூனிற் கண்டறியப்பட்டு 1912 ஆம் ஆண்டளவில் விவரிக்கப்பட்டது. இலங்கையில் இந்நோயாளர் ஒருவர் பற்றிய முதற்குறிப்பு 1927 இல் வெளிவந்தது. பின்னர் நெடுங்காலம் இந்நோய் இங்கு அரிது எனவே கருதப்பட்டது. அண்மைக் காலத்தில் இரத்தப் பரிசோதனை முறைகள் திருந்தியபின் நாட்டின் பல பகுதிகளிலும் இந்நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். கிழக்கிலங்கையிலே கடும் மழை வெள்ளத்தையடுத்து, இரத்தத்தில் இக்கிருமி இருப்பது உறுதிசெய்யப்பட்ட பத்து நோயாளர் ஒரே காலத்திற் காணப்பட்டமை பற்றிய ஆய்வொன்று 2021 இல் வெளியாயிற்று. அவர்களிடமிருந்து பெற்ற கிருமிகள் ஒரே வழியில் வந்தவை அல்ல, பலவகைப்பட்டவை. ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவாமல், வெவ்வேறிடத்து மண்ணிலும் நீரிலும் இருந்தே அவை வந்திருத்தல் வேண்டுமென்பது இதனாற் புலனாகும்.

இக்கிருமி தன் வெளிச்சவ்வின் எதிர்மின்னேற்றத்தை வேறொரு பொருளால் மூடி மறைத்துக்கொள்கின்றது. காந்தத்தின் இழுப்புக் குறைந்துவிடவே பல சிறுபுரதங்கள் அதனிடம் ஒட்டமாட்டா. ஆயினும் உடலின் காவல் முற்றாகத் தோற்றுவிடுவதில்லை. தாய்லாந்தின் கோன்கென் பல்கலைக்கழகத்தினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரின் எல்எல்–37 சிறுபுரதம் இக்கிருமியைச் சோதனைக்குழாயிலே கொல்லக் கண்டனர். நல்ல உடல்நிலையுடையோர் பெரும்பாலும் இக்கிருமியை எதிர்த்து நிற்பர். நீரிழிவு, சிறுநீரக நோய், ஈரல் நோய் ஆகியன உள்ளவர்களும் மிகுதியாக மது அருந்துவோருமே பெரும்பாலும் இதற்கு இரையாவர். இவற்றுள் நீரிழிவே மிகப் பெரிய காரணம்.

கிருமி தோற்புண் வழியாகவும், மூச்சு வழியாகவும், சுத்தமற்ற நீரைப் பருகுவதாலும் உடலினுட் செல்லும். பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். இருமல், நெஞ்சு நோவு, மூட்டு வீக்கம், தோலிலோ ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி ஆகியன தோன்றலாம். சிலருக்கு இது சயரோகம் போலத் தோன்றி ஏமாற்றும். வயல் வேலை செய்வோர்க்கு வரும் எலிக்காய்ச்சல் வேறு, இது வேறு. இரண்டும் காய்ச்சலிலேயே தொடங்குவதால் இரத்தப் பரிசோதனையின்றிப் பிரித்தறிதல் அரிது. பெனிசிலின் முதலான பொதுவான மருந்துகள் பல இக்கிருமியைக் கொல்லமாட்டா. உரிய மருந்தை வைத்தியசாலையிற் குறைந்தது பத்து நாள்களுக்கேனும் ஊசிமூலம் பெற்று, அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குக் குளிகை உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் தணிந்ததென்று குளிகையை இடையில் நிறுத்துவோர்க்கு நோய் திரும்பவும் வரக்கூடும்.

சிறுபுரதங்களை மருந்தாக்கும் முயற்சி

மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் தம்முள் ஒன்றையொன்று எதிர்க்கச் சிறுபுரதங்களைச் செய்கின்றன. நியூயோர்க்கில் இரெனே டூபோ என்பார் மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றிலிருந்து 1939 இல் கிரமிசிடினைப் பிரித்தெடுத்தார். அது செங்குருதிக் கலங்களையும் உடைப்பதனால் உட்கொள்ளத் தகாதது. புண், கண் முதலியவற்றிற்கு மேற்பூச்சாகவும் துளிமருந்தாகவும் மட்டுமே பயன்பட்டது.

உணவுத் துறையிலே ஒரு சிறுபுரதம் நல்ல வெற்றி கண்டது. பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களுள் ஒருவகை மற்றக் கிருமிகளை அடக்குவது 1928 இலேயே கவனிக்கப்பட்டது. அது செய்யும் சிறுபுரதத்திற்கு 1947 இல் நைசின் எனப் பெயரிடப்பட்டது. 1969 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு அதனை உணவு காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. பாற்கட்டி முதலியவற்றில் அது சேர்க்கப்படுகின்றது. மட்டக்களப்பின் எருமைத் தயிர் நாள்பட இருப்பதற்கு முதற்காரணம் அதிலுள்ள அமிலமே. பாலைத் தயிராக்கும் பற்றீரியாக் குடும்பத்திலேயே இத்தகைய சிறுபுரதங்களைச் செய்வனவும் உள்ளன என்பது அறியத் தக்கது.

தவளையின் மகெயினினைத் திருத்தி, நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்குப் பூசுமருந்தாகச் செய்த பெக்சிகனனை 1999 இல் அமெரிக்க அரசு அங்கீகரிக்க மறுத்தது. அப்பொழுது கிடைத்த மருந்துகளிலும் அது மேலானதென நிறுவப்படாமையே காரணம். இத்துறையிலுள்ள தடைகள் மூன்று. உட்கொண்டால் குடலிலுள்ள நொதியங்கள் சிறுபுரதங்களை மற்றப் புரதங்களைப்போலவே செரித்துவிடுகின்றன. அளவு கூடினால் அவை உடலின் உயிரணுக்களையும் தாக்குகின்றன. அவற்றைச் செய்யும் செலவும் பெரிது. இத்தடைகளைக் கடந்தவையும் உண்டு. மண்பற்றீரியாவிலிருந்து பெற்ற டப்டோமைசின் 2003 இல் அங்கீகரிக்கப்பட்டு வைத்தியசாலைகளிற் பயன்படுகின்றது. ஏனைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், சவ்வை உடைக்கும் இம்முறையின் மீது நம்பிக்கை வைத்து ஆய்வு தொடர்கின்றது.

கோழித்தீனியில் கலந்த மருந்து

மண்பற்றீரியாவிலிருந்து பெற்ற மற்றொரு சிறுபுரதம் கொலிஸ்ரின். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது ஆகையால் மனிதருக்கு நெடுங்காலம் அரிதாகவே கொடுக்கப்பட்டது. ஏனைய மருந்துகள் பயன்படாதவிடத்துக் கடைசி மருந்தாக வைத்தியர்கள் அதனை மீண்டும் நாடுகின்றனர். பல நாடுகளிலே அதே மருந்து கோழி, பன்றி முதலியன விரைவிற் கொழுக்கும்பொருட்டுத் தீனியிற் கலக்கப்பட்டு வந்தது. அதன் விளைவு 2015 இற் புலனாயிற்று. கொலிஸ்ரினுக்கு அடங்காதிருக்கும் ஆற்றலை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் கடத்தும் பரம்பரையலகு ஒன்றைச் சீன விஞ்ஞானிகள் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் கண்டனர். இவ்வலகைப் பெற்ற பற்றீரியா, மெலியோயிடோசிசுக் கிருமியைப்போலவே, தன் சவ்வின் மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்கின்றது. சீனா 2017 இலும் இந்தியா 2019 இலும் கொலிஸ்ரினைத் தீனியிற் கலப்பதைத் தடை செய்தன.

இதனினும் கவலைக்குரிய செய்தி 2023 இல் வெளியாயிற்று. இவ்வலகைப் பெற்ற பற்றீரியாக்கள் கோழி, பன்றி, மனிதர் ஆகியோரின் உடலில் இயற்கையாகவுள்ள சிறுபுரதங்களையும் முன்னிலும் நன்றாக எதிர்த்து நிற்பதை ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் காட்டினர். அஃதாவது, தீனியில் வீணாகக் கலக்கும் மருந்து ஒரு நல்ல மருந்தைக் கெடுப்பதோடு அமையாது, உடலின் பிறவிக்காவலையும் வலுவிழக்கச் செய்யக்கூடும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கை, கால்களிலே வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளபோது சேற்றில் இறங்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். இறங்க நேரின், நீர் புகாத பிளாஸ்டரால் காயத்தை மூடி, முழங்காலளவு இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணிதல் வேண்டும்.

2. வேலை முடிந்தவுடன் கை கால்களைச் சுத்தமான நீரினாலும் சவர்க்காரத்தினாலும் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். வாய்க்கால் நீரிற் கழுவுதல் போதாது.

3. காயத்தின்மீது சேறு, சாம்பல், கோப்பித்தூள் முதலியவற்றை அப்பலாகாது. தவளைத் தோலை வைத்துக் கட்டுவதும் தகாது. அத்தோலிலே சிறுபுரதங்களோடு நஞ்சுகளும் வேறு கிருமிகளும் இருக்கக்கூடும்.

4. நீரிழிவு உள்ளோர் இரத்தத்திற் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் மாலையில் பாதங்களைப் பார்த்து, வெடிப்போ புண்ணோ இருப்பின் உடனே மருந்திட வேண்டும்.

5. வயல் வேலை செய்தபின் காய்ச்சல் கண்டால் கடையில் மருந்து வாங்கி உண்டு காலங்கழிக்காது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சேற்றில் வேலை செய்ததையும், நீரிழிவு இருப்பின் அதனையும் வைத்தியரிடம் தாமாகவே கூற வேண்டும்.

6. வெள்ளக் காலத்திலும் அதன் பின்னரும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும்.

7. கோழி, மாடு, ஆடு ஆகியவற்றிற்கு மிருக வைத்தியரின் ஆலோசனையின்றி நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைக் கொடுத்தலும் தீனியிற் கலத்தலும் கூடாது.

8. தவளையின் தோல் நீரையும் நஞ்சையும் எளிதில் உறிஞ்சுவது. பீடைநாசினியைத் தேவையான போது, குறித்த அளவில் மட்டுமே தெளிக்க வேண்டும். எஞ்சிய மருந்தையும் கழுவிய நீரையும் வாய்க்காலிலோ வாவியிலோ ஊற்றலாகாது. தவளை வாழும் வயலிலே பூச்சிகளை உண்ண ஒரு கூலியில்லா வேலையாள் இருக்கின்றது.

சிறுபுரதங்களிலிருந்து புதிய மருந்துகள் கிடைக்கும் காலம் வரலாம். அம்மருந்துகள் வரும்வரையும் வந்த பின்னரும் முதற்காவல் ஒவ்வொருவரின் தோலிலேயே உள்ளது. வரம்பின் உடைப்பை அன்றன்றே அடைக்கும் கமக்காரர், காலின் புண்ணையும் அவ்வாறே அன்றன்றே கவனித்தல் வேண்டும்.